ஊர் சுற்றிய ஒற்றைச் சக்கரம்

"இந்த வண்டி செத்து எத்தினி நாளாவுது?" என்று கேட்டாள் மேரி.

"பொணத்தப் பத்திக் கேக்கற மாதிரி கேக்காதம்மா," என்றார் பட்டு முதலாளி பரசுராமன். "புது வண்டி."

"புதுசா செத்தாலும் பொணம்தான் சார்."

துப்பறியும் தர்மன் சிரிக்கவில்லை. உதவியாளர் அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்தால் சம்பள உயர்வு கேட்டுவிடுவாள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, அந்த இளம்பச்சைக் காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, மனிதர்களைவிடச் சாமான்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்ற முடிவுக்கு வந்தவர் அவர். மேரி அப்படியல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து காஞ்சிபுரத்துப் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள். மனிதர்கள் பொய் சொன்னால்தான் அவளுக்குப் பொழுது போகும்.

கார் நின்றது ஒரு தகரக் கொட்டகையில். பரசுராமன் குடியிருக்கும் சந்தில் இரண்டு மாடு எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அதனால் காருக்கு இங்கே இடம், அவருடைய முறுக்கு ஷெட்டை ஒட்டினாற்போல. முறுக்கு என்றதும் யாருக்கும் வாயில் எச்சில் ஊற வேண்டாம். பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் மெஷின் ஓடுகிற ஷெட் அது. கொட்டகைக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

"கேஸ் இன்னான்னு இன்னொருக்கா சொல்லிடுங்க," என்றார் தர்மன், காருக்கடியிலிருந்து.

பரசுராமன் சொன்னார். சொன்னார் என்பதைவிடப் பொருமினார் என்பதே சரி. தை மாதம் வாங்கிய வண்டி. இது வைகாசி. போன வாரம் கல்யாணப் பட்டோடு மெட்ராஸ் போகையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, இன்ஜின் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. சூடு தாங்காமல் பிஸ்டனெல்லாம் ஒட்டிக்கொண்டதாம். புது இன்ஜின் போட ஆகும் பணத்துக்குக் கூரத்துப் பக்கம் நிலமே வாங்கிவிடலாம். வாரன்டி இருக்கிறதே என்று கம்பெனிக்கு எழுதினால், சீனிவாசன் என்று ஒரு ஆசாமி வந்தார், மீட்டரைப் பார்த்தார், கையை விரித்தார். ஆறு மாதம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர். எது முந்துகிறதோ அதோடு கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது. மீட்டரோ பதினைந்தாயிரத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தது.

"நான் போறது கடைக்கும் வூட்டுக்கும். மாசத்துல ரெண்டு வாட்டி மெட்ராஸ். காசிக்குப் போயிட்டு வந்தாக்கூட இவ்ளோ வராதே சார்!"

"அப்ப யாரு ஓட்டியிருப்பாங்க?"

"இத கண்டுபுடிக்க உங்கள எதுக்குக் கூப்புடறேன்? யாருன்னு எனக்கே தெரியும். டிரைவர் சத்தாரு." பரசுராமன் கேட் பக்கம் கையை வீசினார். அங்கே அப்துல் சத்தார் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "மத்தியானம் வண்டிய இங்க வுட்டுட்டு, சாவிய அந்த ஆணியில மாட்டிட்டு வூட்டுக்குப் போவான். சாயங்காலம்தான் வருவான். நடுவுல வண்டிய எடுத்துக்கினு தாமல், வாலாஜான்னு வாடகைக்கு ஓட்டியிருக்கான்."

"அவரு இன்னா சொல்றாரு?"

"மீட்டரு தானா ஏறுதாம்! ரெண்டு மாசம் முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னான். வுட்டுட்டுப் போற வண்டி திரும்பி வந்து தொட்டா கொதிக்குதாம். திருடன் முன்கூட்டியே சாக்கு தயார் பண்ணிக்கிறான் பாருங்க. தகரக் கொட்டாயில வெயில்ல நிக்கிற வண்டி கொதிக்காம குளுருமாடான்னு நானும் வுட்டுட்டேன்."

நேற்று விடவில்லை. நேற்றுத் தெருவில் நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்க, "திருடா" என்று கூப்பிட்டுவிட்டார். போலீஸுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று, ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டும் போயாயிற்று. ஐந்து மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார். சீனிவாசனும் வருகிறார். டிரைவர் திருட்டுத்தனமாக ஓட்டினான் என்று போலீஸ் கேஸ் ஆகிவிட்டால், அது சொந்தக்காரர் ஓட்டியதாக ஆகாது, கம்பெனியில் பேசிப் புது இன்ஜின் வாங்கித் தரப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அதனால உங்க வேலை சுலபம். எந்த ஊருக்கு ஓட்டினான், யாரை ஏத்தினான். வாடகைக்கு ஏறினவன் ஒரே ஒருத்தன சாட்சியா புடிச்சுக் குடுங்க, போதும்." பரசுராமன் கிளம்புகையில் ஷெட் பக்கம் ஒரு பெருமைப் பார்வை பார்த்தார். மெஷின் ஓசை இல்லை. மத்தியான மின்வெட்டு. "இந்த ஒரு வாரமாத்தான் இப்படிப் படுத்துக் கெடக்குது. அதுவரைக்கும் ஊர்ல அத்தினி ஷெட்டும் கரன்ட் கட்டுல நின்னாலும் என் ஷெட்டு மட்டும் நிக்கல, தெரியுமா? ஆளுங்கள வேலை வாங்கத் தெரியணும் சார்."

தர்மன் காருக்கடியிலிருந்து தலையை வெளியே நீட்டி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

*

மேரி கேட்டருகே போனாள்.

"பாய், எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"உண்மையத்தான்மா சொல்லிக்கினு இருக்கேன். கேக்கற ஆளுதான் மாறிக்கினே இருக்குது." சத்தார் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து போட்டிருந்தார். போலீஸ் அழைத்துப் போகும்போது அழுக்காகப் போகக் கூடாது என்று நினைத்தாராம். "எம் பொண்ணு மெஹதாப் நேத்திலேர்ந்து வாசப்படி தாண்டல. தண்ணிக்குப் போனா, 'உங்கப்பன் காரு திருடனாமே'ன்றாங்களாம். அடுத்த மாசம் அவளைப் பொண்ணு பாக்க ஆம்பூர்லேர்ந்து வராங்க. ஜெயிலுக்குக்கூட போயிட்டு வந்துடுவேன்மா. ஆனா அந்தப் பேரோட ஊட்டுக்கு எப்படி போவேன்?"

மேரி அவர் எதிரே தரையில் குந்தினாள்.

"மேரி!" உள்ளேயிருந்து தர்மன் கூப்பிட்டார். "இங்க வந்து இந்த டயரப் பாரு."

பார்த்தாள். முன்பக்கம் இரண்டும் புத்தம் புதிதாக, பள்ளம் பள்ளமாகப் பூ வேலையோடு இருந்தன. பின்பக்கம் வலது சக்கரமும் அப்படியே. பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. ஓரத்தில் பூ வேலை அப்படியே இருந்தது.

"இன்னா சார் இது? மூணு சக்கரம் வூட்லயே குந்திக்கினு இருக்க, இது மட்டும் தாமல் போயிட்டு வந்துதா?"

"அப்படித்தான் தெரியுது. மோந்து பாரு."

"நான் பி.யூ.சி. படிச்சது டயர மோந்து பாக்கறதுக்கு இல்ல சார்."

"எதுக்குப் படிச்சே?"

மேரி குனிந்து மோந்து பார்த்தாள். ரப்பர் நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் வந்தது. கோயிலில் புகை போடுகிற மாதிரி.

"குங்கிலியம்! டயருக்கு யாரு சார் குங்கிலியம் போட்டது? ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தினி மாசம் இருக்குது!"

தர்மன் மட்கார்டுக்குள் கையை விட்டு எதையோ பிய்த்து எடுத்தார். அரக்கும் மஞ்சளும் பச்சையுமாகப் பஞ்சு போல் ஒரு சுருள். பட்டுத் தும்பு. இந்த ஊரில் சோற்றிலேயே பட்டுத் தும்பு கிடக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தர்மன் எடுத்துக்கொண்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைக்குட்டையை உதறி மடித்தார்.

"எதிர்க்கடையில போய் ஒரு சோடா குடிச்சிட்டு வா," என்றார்.

"காசு?"

"அங்கம்மாளைப் பேச வெச்சின்னா அவங்களே குடுப்பாங்க."

*

கொட்டகைக்கு நேர் எதிரே அங்கம்மாளின் பெட்டிக்கடை. அந்தத் தெருவில் யார் வருகிறார், யார் போகிறார், யார் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார் என்பதெல்லாம் அங்கம்மாளுக்குத் தெரியாமல் நடக்காது. போலீஸிடம் முதலில் சாட்சி சொன்னதும் அவள்தான்.

"அக்கா, சத்தார் பாய் மத்தியானத்துல வண்டி எடுத்துக்கினு போறதப் பாத்தேன்னு சொன்னீங்களாமே?"

"யாரு? நானா?" அங்கம்மாள் வெற்றிலைக் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்தப் போலீஸ்காரன் காதுல இன்னா வெச்சிருந்தான்? தெனம் மத்தியானம் வண்டி சத்தம் கேக்குது, தூங்க வுட மாட்டேங்குதுன்னேன். சத்தம்! சத்தம்னு சொன்னா சத்தாருன்னு எழுதிக்கினு போயிட்டானா?"

"எப்ப கேக்கும்?"

"கரன்ட் போச்சுன்னா கேக்கும். கரன்ட் வந்தா நின்னுடும்."

மேரி சோடாவை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"வண்டி எந்தப் பக்கம்கா போவும்? பஸ் ஸ்டாண்டு பக்கமா, ஐயம்பேட்டை பக்கமா?"

"எங்க போச்சு? ஒரு பக்கமும் போவலியே கண்ணு. நின்ன எடத்துலயே கத்திக்கினு கெடக்கும். மாடு கன்னு போடற மாதிரி. ஒரு வாரமாத்தான் நிம்மதியா கண்ண மூடறேன்."

"இத போலீஸ்காரருகிட்ட சொல்லலியா?"

"கேட்டாத்தானே சொல்லுவேன். கேக்காததெல்லாம் சொன்னா, வாயாடின்றீங்க." அங்கம்மாள் சோடா பாட்டிலை வாங்கி வைத்தாள். காசு கேட்கவில்லை. "ஷெட்டு மேஸ்திரி வீரபத்திரனக் கேளு. உள்ளதான் இருப்பாரு. ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாரு, கொறைக்கவும் மாட்டாரு. கொஞ்ச நேரம் நில்லுன்னா, உக்காருன்னு சொல்ற வரைக்கும் நிக்கிற மனுசன்."

*

வீரபத்திரன் ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை என்றாலும் அவர் வேலை நேரம் முடியவில்லை. வாயில் வெற்றிலை. ஷெட்டின் பக்கச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு கோணி தொங்கியது. தர்மன் அதை விலக்கிப் பார்த்தார். சுவரில் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் காரின் பின்பக்க இடது சக்கரம். இந்தப் பக்கம் முறுக்கு மெஷினின் உருளை.

தர்மன் கோணியைப் பழையபடி விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் டைம் விசாரிக்கிறவர் போல ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, மத்தியானத்துல சத்தார் வண்டிய எடுப்பாரா?"

"எடுக்க மாட்டாருங்க."

"வேற யாராவது வெளிய எடுத்துக்கினு போவாங்களா?"

"வெளிய யாரும் எடுக்கலீங்க."

"வண்டி ஓடிச்சா?"

"ஓடிச்சுங்க."

"யாரு ஓட்டினது?"

"நானுங்க."

மேரி பக்கத்திலிருந்த நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போலீஸ்காரரு கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றார் தர்மன்.

"வண்டிய வெளிய யாரு எடுத்துக்கினு போனதுன்னு கேட்டாருங்க. யாரும் இல்லீங்கன்னேன். சத்தாரையும் சேத்துத்தான் சொன்னேன். அவரு நம்பல."

"எதுக்கு ஓட்டினீங்க?"

"மொதலாளி ஓட்டச் சொன்னாருங்க."

"எப்ப?"

"மாசியில கரன்ட் கட்டு ஆரம்பிச்சுது இல்லீங்களா? மெஷினு நிக்குதுங்களே, இன்னா பண்றதுன்னு கேட்டேன். அவரு அவசரமா கெளம்பிக்கினு இருந்தாரு. 'கரன்ட் இல்லேன்னா இன்னாய்யா? எப்படியாவது வண்டிய ஓட்டு'ன்னாரு. நானும் எப்படி ஓட்டறதுன்னு ரெண்டு நாளு யோசிச்சேன். அப்புறம் சொவத்துல ஓட்டை போட்டேன். பின் சக்கரத்த ஜாக்கி வெச்சுத் தூக்கி, பெல்ட்டு மாட்டி, இன்ஜின ஓட்டினா மெஷினு நல்லா சுத்துச்சுங்க. பெல்ட்டு நழுவாம இருக்கக் குங்கிலியம் தடவினேன்."

"பெட்ரோலு?"

"எண்ணெய்ச் செலவுன்னு கேட்டேன். மெஷினுக்கு எண்ணெய் போடாம ஓடுமான்னு குடுத்துட்டாரு."

தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில், எத்தனையோ கடையில், தினம் தினம் 'எப்படியாவது வண்டியை ஓட்டு' என்கிறார்கள். சமாளி, ஒப்பேற்று, என்னைத் தொந்தரவு செய்யாதே என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் காரை ஓட்டிய ஒரே மனிதரை மேரி வாயைப் பிளந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது. கேட்டருகே உட்கார்ந்திருக்கும் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது, சிரிப்பு போய்விட்டது.

"காத்துப் படாம நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓடினா எந்த இன்ஜின் தாங்கும்?" என்றார் தர்மன். "ஓடினது சக்கரம் ஒண்ணு. மீட்டரு மட்டும் ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்குது."

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனுங்களா?" என்று கேட்டார் வீரபத்திரன்.

"இல்ல மேஸ்திரி," என்றாள் மேரி. "நீங்க ஒருத்தருதான் பண்ணல."

*

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பரசுராமன் கடையிலிருந்து வந்தார். தர்மன் ஷெட்டுக்குள் அழைத்துப் போய், கோணியை விலக்கி, நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

பரசுராமன் முகம் வெளுத்தது. "அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீரபத்திரனைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மறுபடி வீரபத்திரனைப் பார்த்தார். இந்த மனிதர் இப்போது கேட்டருகே ஓடிப்போய்ச் சத்தாரின் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று மேரி நினைத்தாள். எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் மனிதர்களைப் பற்றி அவளுக்கு இப்படி ஒரு நல்லெண்ணம் மிச்சமிருந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார் பரசுராமன்.

"எங்க ரெண்டு பேருக்கு. மேஸ்திரிக்கு. இப்ப உங்களுக்கு," என்றார் தர்மன்.

"அப்ப இதோட இருக்கட்டும். பேசின கூலி ரெட்டிப்பாத் தரேன். என் ஆளே பண்ணான்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் ஒரு ஆணிகூடத் தர மாட்டான். சத்தாரு மேல கேஸு ஆச்சுன்னா இன்ஜினு வந்துடும். முதல் தடவைன்னு அபராதம் போட்டு வுட்ருவாங்க. அதயும் நானே கட்டிடறேன். அவனுக்கு இன்னா நஷ்டம்?"

"நஷ்டமா?" மேரி எழுந்தாள். "யோவ்..."

"மேரி," என்றார் தர்மன்.

அவர் குரல் உயரவே இல்லை. பரசுராமனைப் பார்த்து, அதே பஸ் டைம் குரலில் சொன்னார்: "கூலி பேசினது போதும் சார். நான் கண்டுபுடிச்சத கட்சிக்காரருக்கு மட்டும்தான் சொல்லுவேன். வேற யாருகிட்டயும் என் வாயால வராது. அது என் தொழில் சுத்தம்."

மேரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தெரிந்த மனிதர்தானா என்று இருந்தது. தொழில் சுத்தமாம், தொழில் சுத்தம்! வேலையை இப்போதே விட்டுவிடலாமா, சம்பளம் வாங்கிக்கொண்டு விடலாமா என்று யோசித்தாள்.

பரசுராமன் வீரபத்திரன் பக்கம் திரும்பினார். "யோவ், நீ வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

வீரபத்திரன் வாயை மூடிக்கொண்டார். உள்ளே வெற்றிலை இருந்தது. துப்புவதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே என்பதால் அதையும் துப்பவில்லை.

*

சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பின்னால் தோல்பையும் டையுமாகச் சீனிவாசன். சத்தாரும் கூப்பிட்டு நிறுத்தப்பட்டார். கொட்டகைக்குள் வெக்கை தாங்கவில்லை. மின்சாரம் இன்னும் வரவில்லை.

"என்ன தர்மன், ஏதாவது கெடைச்சுதா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கெடைச்சுது சார். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவரையே கேளுங்க."

"விசாரிச்சாச்சு சார்," என்றார் பரசுராமன். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தாருதான். சந்தேகமே இல்ல. மத்தியானத்துல எடுத்து ஓட்டியிருக்கான்."

"மொதலாளி," என்றார் சத்தார். "எம் மூஞ்சியப் பாத்து அத சொல்லுங்க."

பரசுராமன் மீட்டரைப் பார்த்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "வாய்யா, ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசலாம்," என்று சத்தாரின் தோளில் கை வைத்தார். கஞ்சி போட்ட சட்டை கசங்கியது.

மேரி ஆத்திரத்தோடு தர்மனைப் பார்த்தாள். அவரோ கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்தார். பிரித்ததை மறுபடி மடித்தார். வேறு யாரிடமும் 'என் வாயால' வராது என்றல்லவா சொன்னார் மனிதர்? என் வாயால. மேரிக்குத் திடீரென்று மூளையில் விளக்கு எரிந்தது, மின்வெட்டு நேரத்திலும்.

"எஸ்.ஐ. சார், ஒரே நிமிஷம்," என்றாள். வீரபத்திரன் பக்கம் போனாள். "மேஸ்திரி, நீங்க வாயத் தொறக்க வேணாம். மொதலாளி சொன்னா சொன்னதுதான். கரன்ட் போனா இங்க இன்னா வேலை பண்ணுவீங்கன்னு கையால காட்டுங்க. அது போதும்."

"ஏய்!" என்றார் பரசுராமன்.

வீரபத்திரன் ஒரு கணம் முதலாளியைப் பார்த்தார். கையைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. எழுந்து வந்தார். மூலையிலிருந்து ஜாக்கியை எடுத்து, காருக்கடியில் வைத்து, பின்பக்க இடது சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை நிதானமாகத் தூக்கினார். வலது சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு பட்டை பெல்ட்டை இழுத்தார். மடியிலிருந்து குங்கிலியக் கட்டியை எடுத்து அதில் தேய்த்தார். தேய்த்த பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டினார். டயர் தேய்ந்திருந்த அந்த நான்கு விரல் அகலத்தில் பெல்ட் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, டிரைவர் ஸீட்டில் ஏறி, சாவியைத் திருப்பினார். இன்ஜின் செத்திருந்ததால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், மின்சாரம் வரும்வரை உட்காருவதுதான் வழக்கம் என்பதால்.

சத்தார் பெல்ட்டையும் சக்கரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருய்யா உன்ன இந்த வேலையெல்லாம் பண்ணச் சொன்னது?" என்று கத்தினார் பரசுராமன். பாவம், பதற்றத்தில் கேட்கக் கூடாத ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

வீரபத்திரன் வாயைத் திறக்கவில்லை. கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் பரசுராமனைக் காட்டினார்.

சீனிவாசன் தோல்பையை மூடினார். "மிஸ்டர் பரசுராமன், கம்பெனி வாரன்டி குடுத்தது காருக்கு. முறுக்கு மெஷினுக்குக் குடுக்கலை," என்று சொல்லிவிட்டு, மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று தர்மனிடம் விசாரித்தார். தர்மன் சொன்னார்.

"புகார வாபஸ் வாங்கறீங்களா, இல்ல பொய்ப் புகார்னு நான் எழுதிக்கட்டுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பரசுராமன் வாபஸ் வாங்கினார். சப்-இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் வீரபத்திரனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"சார்," என்றாள் மேரி, தர்மனின் காதருகே. "நீங்க வாயத் தொறக்கவே இல்ல."

"நான் வாக்கு குடுத்திருக்கேன்மா. நீ குடுத்தியா?"

"என்னை யாரும் கேக்கலியே."

"உன்னை யாரும் கேக்கறதில்ல. அதுல எவ்ளோ சௌகரியம் பாரு," என்றார் தர்மன்.

பரசுராமன் இதற்குள் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சத்தாரிடம் போய்விட்டார். "சரி வுடு சத்தாரு. ஏதோ போறாத வேளை. மனசுல வெச்சுக்காத. நாளையிலேர்ந்து எப்பவும்போல வேலைக்கு வந்துடு."

சத்தார் நகரவில்லை.

"திருடன்னு தெருவுல நின்னு சொன்னீங்க மொதலாளி," என்றார். "இல்லேன்னு கொட்டாய்க்குள்ள சொல்றீங்களே. எம் பொண்ணுக்கு எப்படி கேக்கும்?"

பரசுராமன் தர்மனைப் பார்த்தார். தர்மன் வாக்குக் கொடுத்தவர், ஒன்றும் சொல்லவில்லை. மேரியைப் பார்த்தார். மேரி கேட்டை நன்றாகத் திறந்துவிட்டாள்.

மின்வெட்டுப் புழுக்கத்துக்குத் தெரு முழுக்க வாசலில்தான் இருந்தது. தறியை விட்டு எழுந்து வந்தவர்கள், விசிறியோடு நிற்கிறவர்கள், அங்கம்மாள் கடையில் வெற்றிலைக்கு நிற்கிறவர்கள். பரசுராமன் நடுத்தெருவில் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னாபா சொல்றே? காதுல வுழல!" என்றாள் அங்கம்மாள், கடையிலிருந்து.

அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"இன்னும் வுழல! நேத்து நல்லாத்தானே கத்துனே?"

பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டார். பட்டு முதலாளி, தாமலில் ஏர் உழுத அப்பனுக்குப் பிறந்து காரில் போகும் அளவுக்கு வந்த மனிதர், தொண்டை கிழியக் கத்தினார்: "சத்தாரு திருடன் இல்ல! நான்தான் தப்பா சொல்லிட்டேன்! சத்தாரு திருடன் இல்ல!"

"இத சொல்லத்தான் இத்தினி கூப்பாடா?" என்றாள் அங்கம்மாள். "எங்களுக்குத் தெரியாதா? நீ சொன்னதும் நாங்க நம்பிட்டோம்னா நெனச்சே? போபா!" சோடா பாட்டில் ஒன்றை எடுத்துத் தெருவைத் தாண்டி வந்தாள். "பாய், இந்தா, குடி. மெஹதாப்ப நாளைக்குக் கடைக்கு அனுப்பு, யாரு இன்னா கேக்கறான்னு நான் பாக்கறேன்."

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்துல் சத்தார், சோடாவைக் கையில் வாங்கிக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையோடு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.